முப்பது கேள்விகளில் இல்லாத நெருப்பு

உங்கள் மகளுக்கு மனம் சரியில்லையென்றால், அதை எந்தச் சொல்லில் சொல்வாள் என்று உங்களுக்குத் தெரியுமா?

மலாக்காவில் ஓர் அரசாங்கக் கிளினிக்கில் தரை துடைக்கும் கமலவேணிக்குத் தெரியும். அங்கே தமிழ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். இந்த 1996ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புலாவ் செபாங் தோட்டத்திலிருந்து வந்த பதினாறு வயதுப் பவானேஸ்வரி மலாய் மொழியில் வாய் திறக்கவில்லை. அதனால் மொழிபெயர்க்கக் கமலவேணியைக் கூப்பிட்டார்கள். இளையோரின் மனநலத்தை அளக்கும் தாளில் முப்பது கேள்விகள் இருந்தன. எல்லாம் எங்கோ வெள்ளைக்காரப் பிள்ளைகளை வைத்துத் தயாரித்தவை.

"கவலையா இருக்காம்மா?"

"அப்படியெல்லாம் இல்ல ஆன்ட்டி. நெஞ்சுக்குள்ள நெருப்பு வெச்ச மாதிரி எரியுது. சோறு எறங்கல."

தாளை நிரப்பிக்கொண்டிருந்த கிளினிக் அதிகாரி மலாயில் அதட்டினார். "கதை வேணாம்லா. ஆமாவா, இல்லையா?"

கமலவேணி 'இல்லை' என்றார். முப்பது கேள்விக்கும் அதே பதில்தான். மனத்தில் கோளாறு இல்லை என்று எழுதி, வயிற்றெரிச்சலுக்கு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாவது வாரம் அந்தப் பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து கமலவேணி ஆமா, இல்லை என்று சொல்வதில்லை. "பிள்ள சொன்னத அப்படியே எழுதுங்க, அப்பறம் அடுத்த கேள்வி" என்று பிடிவாதமாக நிற்கிறார்.

"கூட்டுற வேலைக்கு இவ்வளவு வாயா?" என்று கேட்ட அதிகாரி, இப்போது வேலைநீக்க எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறார். தாளை நம்பிய அவருக்கு ஒரு கடிதமும் இல்லை.

நம் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்க்காத அளவுகோல் நம் பிள்ளைகளை அளக்காது. இன்றே அந்தக் கிளினிக்கின் தலைமை மருத்துவருக்கு எழுதுங்கள்: கமலவேணியை நிறுத்தாதீர்கள், தாளை மாற்றுங்கள்.