மரபணு என்ற ஒரு சொல்

சிரித்தால் எனக்கு முழங்கால் விட்டுவிடும். கல்யாணமான முதல் சாரலுக்குக் குற்றாலம் போயிருந்தோம். ஐந்தருவிக்குப் போகும் வழியில் என் கணவர் தன் சொந்தக்காரர்களிடம், "இப்பம் பாருங்க," என்று சொல்லிவிட்டு என் காதில் ஏதோ வேடிக்கை சொன்னார். சிரித்தேன். கால் மடங்கி ஈரத் தரையில் விழுந்தேன். நினைவு இருந்தது, அவர்கள் சிரிப்பதும் கேட்டது. விரலைக்கூட அசைக்க முடியவில்லை. அவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

பகல் தூக்கமும் அப்படித்தான் வந்து அமுக்கும். இலஞ்சியில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில், கரும்பலகையில் எழுதும்போதே எழுத்து கோணிக்கொண்டு கீழே இறங்கிவிடும். தலைமையாசிரியர் இரண்டு முறை விளக்கக் கடிதம் எழுதி வாங்கினார். வீட்டில் மாமியார் முகத்தில் தண்ணீர் ஊற்றித்தான் எழுப்புவார்.

"வேலை செய்ய ஒடம்பு வணங்கலன்னு சொல்லாம நோயின்னு சொல்லுதா."

கடைசியில் நானே திருநெல்வேலிக்குப் போய் நரம்பு மருத்துவரைப் பார்த்தேன். தலையில் ஒயர்களை ஒட்டித் தூக்கத்தைச் சோதித்தார்கள். முடிவு தெளிவாக இல்லை. ரத்தத்தில் ஒரு மரபணுவைப் பார்க்கலாம் என்றார் மருத்துவர்.

"அது இருந்தாலே நோய்னு அர்த்தம் இல்லம்மா. நல்லா இருக்கிற எத்தனையோ பேருக்கும் இருக்கும். உங்க அறிகுறிகளோட சேத்துப் பாத்தா முடிவு பண்ண உதவும், அவ்வளவுதான்."

தென்காசியில் ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். சில வாரம் கழித்து வந்த முடிவில் அந்த மரபணு இருந்தது. மருத்துவர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து நோய்க்குப் பெயர் சொன்னார், மாத்திரை எழுதினார். நான் சோம்பேறி இல்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன். வீட்டில் அந்தத் தாளை எல்லோருக்கும் காட்டினேன். மருத்துவர் சொன்னதையும் சொன்னேன். அவர்கள் மரபணு என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அப்போது என் தங்கைக்குச் செங்கோட்டையில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. மாமியார் அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கே போய்விட்டார்.

"அவங்க ரத்தத்துலயே இருக்கு. நாங்க ஏமாந்தது போதும், நீங்களாவது சுதாரிச்சிக்கிடுங்க."

சம்பந்தம் நின்றுபோனது. தங்கை என்னைப் பார்க்க வந்தாள். உட்காரவில்லை.

"நீ தூங்கிக்கிட்டே கெடந்திருக்கலாம்க்கா," என்றாள்.

மறு வருடம் அவளுக்கு வேறு இடத்தில் முடிவானது. கல்யாணம் தென்காசியில், எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஏறினால் கால் மணி நேரம். அம்மா போனில் கூப்பிட்டாள்.

"நீ வர வேண்டாம், என்ன? அக்கா வடநாட்டுல இருக்கான்னு சொல்லியிருக்கோம்."

"மாத்திரை கேக்குதும்மா. இப்பம்லாம் விழுறதே இல்ல."

"அதுக்கில்ல," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

முகூர்த்தத்தன்று எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. நான்கு பாடவேளையும் கண் செருகாமல் நடத்தினேன்.