செவ்வாய்க் கல்லுக்கு மூன்று வாய்

ஹெங் அங்கிளுடைய வேலை கல்லுக்கு வெளிச்சம் போடுவது. ஈப்போவில் சுண்ணாம்பு மலைக் குகைக்குள் இருக்கும் எங்கள் சீனக் கோயிலில் இருபத்தாறு வருடமாக அந்த வேலையைச் செய்கிறார். நான் அங்கே பதினோரு வருடமாகக் கூட்டித் துடைக்கிறேன். அவர் விளக்கை நகர்த்தும்போது ஒயரைத் தூக்கிப் பிடிப்பதும் நான்தான்.

முழுப்பெயர் யாப் சூன் ஹெங். வாலிபத்தில் ஒரு போட்டோ கடையில் விளக்குப் பிடித்தவர். கல்யாணப் பெண்ணின் பெரிய மூக்கை எந்தப் பக்கத்து வெளிச்சம் சின்னதாக்கும், மாப்பிள்ளையின் சொட்டையை எது மறைக்கும் என்பதெல்லாம் அங்கே படித்த பாடம். அந்தக் கடையை மூடிய பிறகு கோயிலுக்கு வந்தார். குகையில் மேலிருந்து தொங்குகிற கல், கீழிருந்து முளைத்த கல் என்று நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. மூங்கில் கழியில் விளக்கைக் கட்டி, ஒவ்வொரு கல்லையும் சுற்றிச் சுற்றி வருவார். திடீரென்று நிற்பார். "அசையாத, தங்காச்சி" என்பார். தங்காச்சி என்பது இந்த ஊர்ச் சீனர்கள் எங்கள் தமிழ்ப் பெண்களைக் கூப்பிடுகிற பெயர். நான் ஒயரோடு சிலைபோல நிற்பேன். கல்லுக்குள்ளிருந்து ஒரு எருமை மெல்லத் தலையைத் தூக்கும்.

பார்த்ததும் பெயர் வைத்துவிட மாட்டார். அதற்கு மூன்று வாய் வேண்டும். யாரிடமும் எதுவும் சொல்லாமல் விளக்கை மட்டும் போட்டுவிட்டு, ஓரமாக உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்காமல், மூன்று வாய் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும். அப்போதுதான் பலகையில் எழுதுவார். சோற்றை ஊதுகிற கிழவன், தூங்குகிற எருமை, குடைக்காரி என்று நாற்பத்தொரு கல்லுக்கு அப்படிப் பெயர் வந்தது. ஒரு கல்லை நாலு மாதம் போட்டு வைத்திருந்தார். இரண்டு பேர் ஆமை என்றார்கள். மூன்றாவதாக வந்த தைப்பிங் ஊர்க்காரர், "அடடே, எங்க மாமியார்!" என்றார். விளக்கை அணைத்துவிட்டார்.

போன மாசியில் அவருக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். கண்கட்டை அவிழ்த்த மறுநாளே வேலைக்கு வந்துவிட்டார். வந்தவர் எருமைக்கு முன்னால் நின்றார், நின்றுகொண்டே இருந்தார்.

"நல்லா தெரியுதா அங்கிள்?"

"எல்லாம் தெரியுது. சுண்ணாம்பு தெரியுது. பாசி தெரியுது. எறும்பு போறதுகூடத் தெரியுது."

"சாமி புண்ணியம்."

"எருமைதான் தெரியல."

அன்றைக்கு அவர் புதுக் கண்ணை நம்பி விளக்கை வேறு பக்கம் திருப்பி வைத்தார். வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் பலகையைப் படித்துவிட்டு, எங்கே எருமை என்று என்னைக் கேட்டார்கள். எனக்கும் காட்டத் தெரியவில்லை. அங்கிள் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, புரை படர்ந்த இடது கண்ணால் பார்த்து விளக்கைப் பழைய இடத்தில் வைத்தார். எருமை வந்துவிட்டது. அதற்குப் பிறகு அப்படித்தான் வேலை செய்தார், ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு.

இடது கண்ணுக்கும் நாள் குறித்திருந்தார்கள். புரை முத்திவிட்டது, இனித் தள்ளிப் போட்டால் கண்ணுக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். அங்கிளோ போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

"இதையும் தொடச்சுட்டா எனக்கு எல்லாமே வெறும் கல்லு தங்காச்சி. நாப்பத்தொரு பேரும் செத்துப் போயிருவாங்க."

அவர் மகள் மேய் சுவான் ஜொகூரில் வேலை பார்க்கிறாள். அப்பாவைக் கூட்டிப் போகச் செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வருவதாக லீவு போட்டிருந்தாள். ஆப்பரேசன் புதன்கிழமை. அப்பா ஓய்வு நேரத்தில் சலித்துப் போகாமலிருக்க அவள்தான் போனில் படம் அனுப்பத் தொடங்கினாள். செவ்வாய்க் கிரகத்தில் ஓடுகிற வண்டி எடுத்தனுப்பும் கற்களின் படம். உலகம் முழுக்க ஆட்கள் அதில் முகமும் கதவும் கரண்டியும் தேடிக் கண்டுபிடித்து, சிவப்பு வட்டம் போட்டு அனுப்பிக்கொள்கிறார்களாம்.

எனக்கு அது சரியாகப் புரியவில்லை. நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். செவ்வாய் என்றால் எனக்கு நவகிரகத்தில் சிவப்புத் துணி கட்டி நிற்கிற சாமி. என் மகள் ஜாதகத்துக்காக ஒன்பது வாரம் விளக்குப் போட்டிருக்கிறேன்.

"அவர் மேலயா அங்கிள் வண்டி ஓட்டுறாங்க?"

"மெதுவாத்தான் ஓட்டுறாங்க" என்றார், எனக்கு ஆறுதல் சொல்வதுபோல.

படத்தை வாங்கிப் பார்த்தேன். காவி நிறத்தில் மணல், மேலே பால் கலந்த தேநீர் நிறத்தில் ஆகாயம், நடுவில் யாரும் மிதிக்காத கற்கள். காற்று அடித்து அடித்து வழுவழுப்பாக்கின கற்கள். எல்லாம் எதற்காகவோ காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. என்னையறியாமல் போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அங்கிள் சிரிக்கவில்லை.

அவருக்குச் சிவப்பு வட்டம் பிடிக்கவில்லை. "வட்டம் போட்டுட்டா சொல்லிட்ட மாதிரிதானே! அப்புறம் தெரியாம எங்க போகும்? ஏமாத்து வேலைலா" என்று இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வும் சேர்த்து மகளை ஏசினார். அவள் தேடி, வண்டி அனுப்புகிற படங்களை வட்டம் இல்லாமல் அப்படியே போடுகிற இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து பகல் சாப்பாட்டு நேரமெல்லாம் அதுவே கதி என்று ஆகிவிட்டார். "இங்க பாரு, சாயங்கால வெயில். இடதுல, தாழ்வா. யாரும் புடிக்காத விளக்கு" என்பார். முன்னொரு காலத்தில் மேலிருந்து எடுத்த ஒரு படத்தில் அந்தக் கிரகத்துக் குன்று ஒன்று மனித முகமாகத் தெரிந்ததாம், பிறகு நல்ல கேமராவில் எடுத்தபோது வெறும் குன்றாகிவிட்டதாம். அதைச் சொல்லிவிட்டு போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேகமாக வந்தார். இடது கண்ணில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தார்.

"தங்காச்சி, நேத்து செவ்வாய்ப் படத்துல ஒண்ணு பார்த்தேன். புதுக் கண்ணால. பழசை மூடிக்கிட்டு."

"என்ன பார்த்தீங்க?"

"சொல்லமாட்டேன். மூணு வாய் வேணும்." போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "கண்ணு பார்த்துச்சா, ஆசை பார்த்துச்சான்னு எனக்குத் தெரியணும். மூணு வாயும் ஒண்ணாச் சொன்னா, புதன்கிழமை போறேன். இல்லன்னா மேய் சுவானை வரவேணாம்னு சொல்லிருவேன்."

முதல் வாய் வாசலில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்கிற செனா அக்கா. அங்கிள் என்னைத் தூரப் போகச் சொல்லிவிட்டு அவளிடம் போனைக் காட்டினார். என்ன சொன்னாளோ, திரும்பி வரும்போது அவர் நடையே மாறியிருந்தது.

இரண்டாவது வாய் ஊதுபத்திக் கடை ஆ ஃபூக். நான் அப்போது கடைக்குப் பின்னால் குழாயில் வாளி நிரப்பிக்கொண்டிருந்தேன். நான் இருப்பது அங்கிளுக்குத் தெரியாது. ஃபூக்குக்குக் காது மந்தம், அதனால் பேச்செல்லாம் கூப்பாடுதான். இருவருக்கும் சீனம் வேறு வேறு, அதனால் எங்களிடம் பேசுகிற மலாயிலேயே பேசிக்கொள்வார்கள்.

"இதுல என்ன இருக்கு? புள்ளைக்குத் தலைக்கு ஊத்துறா அம்மாக்காரி! அது கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு இருக்கு!"

"செனாவும் அதேதான் சொன்னா! தலைக்கு ஊத்துறான்னுதான் சொன்னா!" அங்கிள் சின்னப்பிள்ளைபோல் கத்தினார்.

"நீ ஏன்லா அழுவுற? வேணும்னா மாத்திச் சொல்றேன்."

வாளி நிரம்பி வழிந்தது. குழாயை மூட மறந்து நின்றேன்.

மூன்றாவது வாய் நான். குகைக்குள் சாம்பல் தட்டுக்குப் பக்கத்தில் வந்து போனை நீட்டினார். ஊதுபத்திச் சாம்பலைச் சலிக்கிற பெரிய தட்டு அது.

"சொல்லு தங்காச்சி. அவசரம் இல்ல."

பார்த்தேன். அம்மா குனிந்திருந்தாள். பிள்ளை கண்ணை இறுக்கி மூடியிருந்தது. அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. சொல்லிவிட்டால் அவர் புதன்கிழமை போய்விடுவார், கண் பிழைக்கும். அது பொய்யும் இல்லையே, தெரியத்தானே செய்கிறது? முருகா, இந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போகட்டுமா என்று மனசுக்குள் கேட்டேன். வாய் வரைக்கும் வந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எருமைக்கு முன்னால் நின்றபோது இருந்த அதே முகம்.

"அங்கிள், எனக்குத் தெரியுது. ஆனா ஃபூக் கத்துனது என் காதுல விழுந்திருச்சு. அதனால தெரியுதா, சும்மாவே தெரியுதான்னு என்னால சொல்ல முடியல. என் வாய் செல்லாது."

அவர் கையைக் கீழே போட்டார். திட்டவில்லை. "ஆமா, செல்லாது" என்றார். மேசையில் போனை வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். எங்கேயோ மேலே கல்லிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பழைய கண்ணின் பஞ்சைப் பிய்க்கக் கையைக் கொண்டு போனார்.

"பஞ்சை எடுக்காதீங்க அங்கிள். வேற ஆளைக் கூப்பிட்டு வரவா?"

"ஃபூக் போட்ட சத்தத்துக்கு இந்நேரம் தெருவுக்கே தெரிஞ்சிருக்கும்."

எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. "தலைகீழா வச்சுப் பார்ப்போமா? அதை யாரும் இன்னும் பார்க்கலையே" என்றேன்.

அவர் போனை எடுத்துத் திருப்பினார். படமும் கூடவே திரும்பி நிமிர்ந்துகொண்டது. இன்னொரு தடவை திருப்பினார், மறுபடியும் நிமிர்ந்தது.

"இந்தப் பாழாப்போன போனுக்கு எது தலை எது கால்னு எப்படிலா தெரியுது!"

"அது மேசையிலேயே கிடக்கட்டும். நாம அந்தப் பக்கம் போவோம் அங்கிள்."

போனை மல்லாக்க வைத்துவிட்டு இருவரும் மேசையைச் சுற்றி எதிர்ப்பக்கம் போய்க் குனிந்தோம். அம்மா இல்லை, பிள்ளை இல்லை. ஆகாயம் கீழே கிடந்தது. கல் மேலிருந்து தொங்கியது, எங்கள் குகைக் கல்போலவே. நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் ஏதோ ஒன்று தன் உடம்பைச் சுருட்டிக்கொண்டு படுத்தது.

"பேசாத!" என்றார் அவர். "வாயைத் திறக்காத. எழுது."

"நான் தமிழ்ல எழுதினா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் ஒரு பத்திக் குச்சியை என்னிடம் கொடுத்து, ஒன்றைத் தானும் எடுத்துக்கொண்டார். சாம்பல் தட்டின் அந்தக் கோடியில் அவர், இந்தக் கோடியில் நான், முதுகைக் காட்டிக்கொண்டு சாம்பலில் வரைந்தோம். எனக்கு வரையத் தெரியாது. ஒரு வட்டம், அதற்குள் காலை மடக்கிக்கொண்ட உடம்பு, முன்காலில் வைத்த தலை, இரண்டு காது.

அவர் என் பக்கம் வந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் தோளைத் தொட்டு அவருடையதைக் காட்டினார். சுருண்ட உடம்பு, முன்காலில் தலை, இரண்டு காது. என்னுடையதைவிட அழகாக இருந்தது.

"தெரியுது" என்றார் மெதுவாக. "புதுசுக்கும் தெரியுது. கொஞ்ச நேரம் ஆகுது, அவ்வளவுதான். நான்தான் அதுக்கு அவகாசம் கொடுக்கல."

"நாய் தூங்குறது எனக்கே தெரிஞ்சுதே அங்கிள்."

"நாயா? பூனைலா அது."

"நாய்!"

"காதைப் பாரு தங்காச்சி, எந்த நாய்க்கு இப்படிக் காது இருக்கும்?"

"எங்க வீட்டு நாய்க்கு இருக்கு."

ரெண்டு வாய்தான், அதிலும் பெயர் சேரவில்லை, அந்தக் கல்லுக்குப் பெயர் கிடையாது என்று அவரே தீர்ப்புச் சொன்னார். அங்கேயே நின்று மகளுக்குப் போன் போட்டார். சீனத்தில் பேசினார், எனக்குப் புரிந்தது பஸ் என்ற ஒரு சொல் மட்டும்தான். நான் குகையின் உள்ளே திரும்பிக் கும்பிட்டேன். அங்கே இருப்பது குவான் யின் அம்மாள், நான் வேண்டியது முருகனை. அவர்களுக்குள் பார்த்துக்கொள்வார்கள்.

புதன்கிழமை காலை மேய் சுவான் அவரை வாடகைக் காரில் கோயில் வழியாகக் கூட்டி வந்தாள். எருமை விளக்கை நான் எப்படிப் போட்டிருக்கிறேன் என்று பார்க்க வேண்டும் என்றாராம். இறங்கக் கூடாது என்று மகள் சொல்லிவிட்டதால் கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டார்.

"பசியாறிட்டியா தங்காச்சி?"

"ஆச்சு. நீங்க?"

"வெறும் வயித்தோட வரச் சொல்லியிருக்காங்க." கொஞ்சம் பயந்த முகமாகத்தான் இருந்தார். கார் நகரும்போது தலையை வெளியே நீட்டினார். "அது பூனைதான்!"

"நாய்தான்" என்றேன். "ரெண்டு கண்ணாலயும் பார்த்துட்டு வந்து சொல்லுங்க."