கடைசல் பழகிய மழைக்காலம்

என் மனைவி விஷக்காய்ச்சலில் இறந்த பிறகு நான் மில் வேலைக்குப் போவது நின்றுவிட்டது. முடிவெடுத்து நிறுத்தவில்லை. ஒருநாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, அப்படியே விட்டுப்போனது. ஜோகுபாளையத்து வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். பசித்தால் சாப்பிடுவேன். அழுகை மட்டும் வரவில்லை. "கல்லு மாதிரி இருக்கான் பாரு" என்று பக்கத்து வீட்டில் பேசுவது காதில் விழும். சரிதான் என்று நினைத்துக்கொள்வேன்.

அவளுடைய தம்பி லிங்கராஜபுரத்தில் கடைசல் பட்டறை வைத்திருந்தான். ஒரு மோட்டார், ஒரு லேத். பலாக்கட்டையில் கிண்ணங்கள் கடைந்து பட்டாளம் இருந்த தண்டுப் பக்கத்துக் கடைகளுக்குப் போடுவான். ஒரு காலையில் சைக்கிளோடு என் வாசலில் வந்து நின்றான்.

"சும்னே படுத்துக் கெடக்காதீங்க மாமா. பட்டறைக்கு வாங்க."

"எனக்கு அங்க என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வாணாம். வந்து நில்லுங்க."

மறுத்துப் பேச அலுப்பாக இருந்ததால் போனேன்.

கட்டையை இரும்புத் தட்டில் திருகி மாட்டி மோட்டாரைப் போட்டால் அது சுழலும். உளியைத் தாங்குகட்டையில் அழுத்தி வைத்து, மெல்ல மரத்தில் காட்ட வேண்டும். முதலில் வெளிப்புறத்தை உருட்ட வேண்டும், பிறகு வாய்ப்பக்கத்திலிருந்து நடுவை நோக்கிக் குடைய வேண்டும். நான் காட்டியதும் உளி துள்ளியது. "சொல்ப மெதுவா மாமா, மரத்தோட சண்ட போடாதீங்க" என்றான். முதல் கிண்ணத்தின் அடியில் ஓட்டை விழுந்தது. அடுத்ததில் ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் காகிதமாகிப்போனது. அவன் திட்டவில்லை. கெட்டதையெல்லாம் அடுப்புக்கு எடுத்து வைத்தான். மஞ்சள் சீவல்கள் என் சட்டைக்குள் விழுந்து அரிக்கும். அரிப்பதுகூட வேறு யாருக்கோ போலிருக்கும்.

இரைச்சலில் பேச முடியாது. அது எங்கள் இருவருக்கும் வசதியாக இருந்தது.

மழை பிடித்திருந்த ஒரு மத்தியானம், நான் பாதி குடைந்திருக்கும்போது கரெண்ட் போயிற்று. கட்டை மெதுவாகச் சுழன்று நின்றது. ஓட்டின்மேல் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது. உளியை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டான்.

"மாமா, அக்கா கடைசியா என்ன சொல்லிச்சு?"

அவள் போனபோது அவன் ஊரில் இல்லை. மரம் வாங்க சிவமொக்கா போயிருந்தான். தந்தி கிடைத்து அவன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இத்தனை மாதம் அவன் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

"ஒண்ணும் சொல்லல. தண்ணி கேட்டா. ஆஸ்பத்திரி வராண்டா கோடியில பானை இருந்துச்சு. மொண்டுக்கினு வர்றதுக்குள்ள..."

"என்னப் பத்தி?"

"கேக்கலடா. யாரப் பத்தியும் கேக்கல."

பொய்யாக ஒன்று சொல்லியிருக்கலாம். அப்போது அது எனக்குத் தோன்றவில்லை. அவன் கீழே உட்கார்ந்து துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதான். தோள்கள் குலுங்கின. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். போய்த் தொட வேண்டும் என்று தெரிந்தது. கால் நகரவில்லை.

திடீரென்று கரெண்ட் வந்தது. மோட்டாரை யாரும் அணைத்திருக்கவில்லை. உளி மரத்தில் கவ்வியது, கிண்ணம் பிளந்து ஒரு துண்டு என் காதோரமாகப் போய்ச் சுவரில் மோதியது. அவன் பாய்ந்து வந்து ஸ்விட்சைத் தட்டினான். என் கையை, முகத்தை, தலையைத் தடவித் தடவிப் பார்த்தான்.

"அடிபட்டுச்சா மாமா? சொல்லுங்க, எங்க அடிபட்டுச்சு?"

"எங்கயும் இல்ல."

தடவிய அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு வேறு கட்டையை எடுத்து மாட்டினோம்.

அந்தக் கட்டையிலிருந்துதான் எனக்கு முதல் நல்ல கிண்ணம் வந்தது. அவன் ஓரத்தை விரலால் சுற்றிப் பார்த்து, "இது கடைக்குப் போவும்" என்று மற்றவற்றோடு சாக்கில் போட்டான். சந்தோஷம் என்று எதுவும் வரவில்லை. பிறகு நான் மில்லுக்குத் திரும்பவில்லை. அவனோடு பல வருஷம் அங்கேயே வேலை செய்தேன்.

டீ குடிக்கும்போது அவன் சில நாள் அதையே மறுபடி கேட்பான். பானை எந்தப் பக்கம் இருந்தது, தண்ணியை எதில் மொண்டேன், அவள் எப்படிப் படுத்திருந்தாள் என்று. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்வேன்.