எட்டாவது சேனலில் இரண்டு பச்சை விளக்கு

ஒலி அமைப்பாளன் ஒழுங்காக வேலை செய்தால் அப்படி ஒருவன் இருப்பதே யாருக்கும் தெரியாது; தப்பு செய்தால் ஐந்நூறு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி முறைப்பார்கள். மைக் கீச்சிட்டபோது அப்படி முறைத்தவர்களில் நீங்களும் இருந்திருக்கலாம். பரவாயில்லை, உங்கள் காதும் பாவம்தானே.

போன மாதம் கிள்ளான் நகரில் ஒரு கல்யாண விருந்து. மணப்பெண்ணின் அம்மா புஷ்பா அக்கா ஒரு காலத்தில் மேடைக் கச்சேரிகளில் பாடியவர். தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்த பிறகு இரண்டு வருடமாகப் பாடவே இல்லை. மகள் கெஞ்சியதால் ஒரே ஒரு பாட்டுக்கு ஒப்புக்கொண்டிருந்தார். அந்தக் குரலைக் கடைசி மேசை வரை கொண்டுபோவது என் பொறுப்பு.

உருமிக்காரர்

எல்லா ஒலியையும் கலந்து அனுப்பும் மிக்சரில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு சேனல். உள்ளே வரும் சத்தத்தை எவ்வளவு விடலாம் என்று ‘கெயின்’ திருகில்தான் முதலில் அளவு பிடிக்க வேண்டும். காலையில் உருமிக்காரர் குமாரை வாசிக்கச் சொன்னேன். பூனையைத் தடவுவது மாதிரி தடவினார். சோதனையில் இப்படித் தடவிவிட்டு மேடையில் வெளுத்துக்கட்டுவார்கள்; இதில் நான் ஏற்கெனவே ஏமாந்தவன். “நிஜமா வாசிங்க” என்றேன். வாசித்தார். சத்த அளவை விளக்குகளால் காட்டும் மீட்டர் உச்சி வரை சிவந்தது. கெயினை முழுக்க இறக்கினேன், அப்போதும் சிவப்பு. கடைசியில் மைக்கையே எடுத்துவிட்டேன். ஜன்னல் கண்ணாடி இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. நான் வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்துக் குமார் சொன்னார்:

“மைக்கு எதுக்குண்ணே? எனக்கு அந்தக் கதவத் தொறந்து வெச்சா போதும் லா.”

கீபோர்டு மாஸ்டர்

மாஸ்டர் பிரிக்பீல்ட்ஸ் ஊர்க்காரர், கண் பார்வை இல்லாதவர். அவருடைய சேனலைத் திறந்ததும் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். ஒயரை மாற்றினேன், சேனலை மாற்றினேன், அரை மணி நேரம் மேசைக்கு அடியில் தவழ்ந்தேன். அவர் தலையை மட்டும் சமையல்கட்டுப் பக்கம் சாய்த்தார். “அங்க ஒரு ஐஸ் பெட்டி ஓடுது, தம்பி. அதுவும் நீயும் ஒரே பிளக்ல இருக்கீங்க.”

ஓடிப்போய்ப் பார்த்தேன். பானம் வைத்த ஐஸ் பெட்டியை என் ஒயரில்தான் யாரோ சொருகியிருந்தார்கள். பிடுங்கினேன், இரைச்சல் நின்றது. இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிற எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன்.

“அதுக்கும் ஒரு சுருதி இருக்கு, தம்பி. நம்ம பாட்டோட சேரல.”

புஷ்பா அக்கா

எட்டாவது சேனல் அவருக்கு. இரண்டு வரி பாடிப் பார்த்தார். மீட்டர் அசையவே இல்லை. கெயினை ஏற்றினேன், மின்விசிறிச் சத்தம் உள்ளே வந்தது. இன்னும் ஏற்றினேன், மைக் கீச்சிட ஆரம்பித்தது. மிக்சருக்கு முன்னால் நான் அவ்வளவு பயந்தது அதுதான் முதல் முறை. “கொஞ்சம் சத்தமா பாட முடியுமாக்கா?” என்று கேட்டே விட்டேன்.

“இருக்கறதே இவ்வளவுதான் தம்பி. இழுத்துப் பாடினா இதுவும் போயிரும்.”

பாட்டு

மதியச் சாப்பாட்டு நேரம். தட்டு, கரண்டி, நாற்காலி, பிள்ளைகள். அக்கா பாட ஆரம்பித்தார். ஹெட்போனில் எனக்குக் கேட்டது, மண்டபத்துக்குக் கேட்கவில்லை. எட்டாவது சேனலை இனி ஒரு முடி அளவு ஏற்றினாலும் கீச்சிடும். அதனால் மற்ற எல்லாச் சேனலையும் இறக்கினேன். மாஸ்டர் புரிந்துகொண்டு கீபோர்டிலிருந்து கையையே எடுத்துவிட்டார்; குமாரும் உருமியைக் கீழே வைத்துவிட்டார்.

மிச்சம் இருந்தது ஜனங்களின் சத்தம். அதை இறக்க என்னிடம் திருகு இல்லை. முதலில் முன் மேசைக்காரர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். பிறகு அடுத்த மேசை, அதற்கடுத்தது. பரிமாறியவர்கள் வாளியோடு அப்படியே நின்றார்கள். கரகரத்த குரல் மேலே போகும்போது ஓரிடத்தில் உடைந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஏறியது. மீட்டரில் எரிந்தது இரண்டே பச்சை விளக்கு. அந்த இரண்டு விளக்குக்கு ஐந்நூறு பேர் அடங்கி உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போது பெண்ணின் மாமா என்னை நோக்கி வேகமாக வந்தார். சத்தம் பத்தவில்லை என்று கத்தப் போகிறார் என்று நினைத்து, பழக்கதோஷத்தில் விரலைத் திருகில் வைத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“கைய எடு பாஸ். ஒன்னும் தொடாத லா.”

இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஆகப்பெரிய பாராட்டு, வேலை செய்யாமல் சும்மா நின்றதற்குக் கிடைத்தது.