என் பேச்சின் மறுபாதி

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நாலு வரி எழுதினால் விரல் வலிக்கும். இருந்தும் இதை நானேதான் எழுதுகிறேன். என் பேச்சை இன்னொருத்தி கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டேன்.

விம்கோ நகர் பக்கம், லாரி ஓடுகிற பெரிய ரோட்டை ஒட்டின பள்ளிக்கூடம் எங்களுடையது. அதன் வாசலில் மாங்காய்ப் பத்தை, நெல்லிக்காய், அவித்த கடலை விற்கிறேன். என் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் படித்தார்கள். இப்போது மகளின் பெண் படிக்கிறாள். மகள் கம்பெனி வேலைக்குப் போய்விடுவதால், பள்ளிக்கூடத்தில் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான்.

டீச்சர் ராயபுரத்திலிருந்து வருகிறவர். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கேட்டுக்கு வெளியே வந்து என் பக்கத்தில் நிற்பார். மிளகாய்த்தூள் இல்லாமல் உப்பு மட்டும் தூவின ஒரு பத்தை. அதைக் கடித்து முடிக்கிற வரைக்கும் பேச்சு. என்னை 'யக்கா' என்பார். தெருவில் எத்தனையோ பேர் அப்படிக் கூப்பிடுகிறார்கள். படித்த ஒருத்தி வாயால் அது வந்தது எனக்குப் பெருமை. அதை மறைப்பானேன்?

அப்போதுதான் ஏதோ ஒரு காலேஜிலிருந்து ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பெற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமாம். வீட்டுக்கு வீடு ஒரு தாள் கொடுத்தாள். படிக்காதவர்களுக்கும் புரியட்டும் என்று, கேள்விக்குப் பக்கத்தில் அழுகிற முகத்திலிருந்து சிரிக்கிற முகம் வரை வரிசையாகப் போட்டிருந்தது.

குழாயடியில் எதிர்வீட்டுக்காரி கேட்டாள். "இன்னாக்கா இது, மூஞ்சி மூஞ்சியா போட்டுக் கீது?"

"நம்ம டீச்சருக்கு மார்க் போடச் சொல்றாங்கடி. கொறச்சுப் போட்டா அதை எங்கனா தூக்கி அடிச்சுடுவாங்க. நல்லா பல்லு தெரியிற மூஞ்சியா பாத்து டிக் போடு."

"எம்புள்ளைக்கு இன்னும் அ, ஆவே வரல."

"அதை நம்ம வூட்டுக்குள்ள பேசிக்கலாம். வெளியாளு கிட்ட இன்னாத்துக்கு?"

"உன் மாங்காவுக்கு மட்டும் மூஞ்சி போடச் சொன்னா, நான் அழுவுற மூஞ்சிதான் போடுவேன்" என்றாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தோம்.

தெரு முழுக்கச் சிரிக்கிற முகம்தான். அதைப் பொய் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. நம்ம ஆளை வெளியாள் முன்னால் விட்டுக்கொடுக்கிற வழக்கம் இங்கே கிடையாது.

கொஞ்ச நாள் கழித்து அந்தப் பெண் திரும்பி வந்தாள். "எல்லாரும் சிரிச்ச முகத்துலயே போட்டிருக்கீங்க. ஆனா புள்ளைங்களுக்கு டெஸ்ட் வெச்சா வேற மாதிரி வருது. எண்ணிக்கையை மட்டும் வெச்சுப் பாத்தா ஒண்ணும் புரியலம்மா. கொஞ்சம் பேர்கிட்ட உக்காந்து பேசணும். எண்ணினதையும் பேசினதையும் சேத்துப் பாத்தாதான் முழுசா தெரியும்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. காசிமேட்டில் மீன் வாங்கினால் தராசையும் பார்ப்பேன், செவுளையும் தூக்கிப் பார்ப்பேன். எவ்வளவு இருக்கிறது என்று தராசு சொல்லும். எப்படி இருக்கிறது என்று செவுள்தான் சொல்லும். இதைச் சொன்னதும் அவள் கண் விரிந்தது. உடனே எழுதிக்கொண்டாள்.

அப்புறம் அடிக்கடி வந்தாள். என் முக்காலியில் உட்கார்ந்து நெத்திலிக் குழம்பு சாப்பிட்டாள். நான் தண்ணீர் பிடிக்கப் போனால் கடையைப் பார்த்துக்கொண்டாள். ஒருநாள் போனை உப்பு டப்பா மேல் வைத்து, "பேச்சைப் பதிஞ்சுக்கறேம்மா. உங்க பேரை எங்கயும் போட மாட்டேன்" என்றாள். மனதில் இருந்ததைக் கொட்டினேன். பிள்ளைகளுக்குப் படிக்க வராததையும் சொன்னேன், ஏன் வரவில்லை என்பதையும் சொன்னேன்.

ஆராய்ச்சி முடிந்ததும் பள்ளிக்கூடத்து ஹாலில் கூட்டம் வைத்தார்கள். அதிகாரிகள், தெருக்காரர்கள், முன்வரிசையில் டீச்சர். திரையில் ஒரு பக்கம் நாங்கள் போட்ட சிரிக்கிற முகங்கள், மஞ்சள் கம்பமாக உயர்ந்து நின்றன. "இப்ப இதே தெருவுல ஒருத்தங்க பேசினதைக் கேளுங்க" என்றாள் அந்தப் பெண்.

என் குரல் வந்தது.

"அஞ்சாவது முடிச்ச புள்ளைக்கு பஸ்ஸு போர்டு படிக்கத் தெரில கண்ணு. டோல்கேட் போறதுக்கு மாதவரம் வண்டில ஏறி உக்காந்துகினு போவுது. இன்னாத்த சொல்லிக் குடுத்துகினு கீறாங்க?"

அவ்வளவுதான். குரல் நின்றுவிட்டது. பேர் போடவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள். ஹாலில் இருந்த தலையெல்லாம் என் பக்கம் திரும்பியது. டீச்சர் தலை மட்டும் திரும்பவில்லை.

எழுந்து நின்றேன். "மீதியைப் போடு கண்ணு."

"இதுல இவ்ளோதாம்மா இருக்கு."

"அதுக்கப்புறம் பேசினேனே?"

"அது வேற தலைப்புல வரும்மா. டைம் இல்ல, உக்காருங்க."

என் குழம்பைச் சாப்பிட்ட வாய் அது. நான் உட்காரவில்லை, வெளியே வந்துவிட்டேன். பின்னாலேயே எதிர்வீட்டுக்காரி வந்தாள். "எங்களை எல்லாம் பல்லு தெரியிற மூஞ்சில போடச் சொல்லிட்டு, நீ மட்டும் தனியா போய் வத்தி வெச்சுட்டியேக்கா" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் டீச்சர் வந்தார். "மாங்கா ஒண்ணு குடுங்கம்மா" என்றார். யக்கா போய் அம்மா வந்திருந்தது.

நான் பேசின மிச்சத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். "சொல்லியிருப்பீங்கம்மா, நான் நம்பறேன். ஆனா அந்த ஹால்ல யாரும் அதைக் கேக்கலையே. மேலேருந்து விளக்கம் கேட்டிருக்காங்க. நான் எதைக் காட்டறது?" பத்தையைத் தாளில் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார். இன்றைக்கும் வாங்குகிறார், அப்படித்தான். நின்று தின்பதில்லை.

டீச்சருக்குக் காட்ட என் முழுப் பேச்சு வேண்டும். மகள் போனிலிருந்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"அது இல்லம்மா. டைப் பண்ணி முடிச்சதும் அழிச்சிடணும், அதுதான் ரூல். உங்க பாதுகாப்புக்காகத்தான்."

"அப்ப ஹால்ல போட்டியே, அது?"

"அது பிரசன்டேஷன்லயே இருக்கும்மா, மத்த ஊர்லயும் போட்டுக் காட்டணும்ல" என்றாள்.

டைப் பண்ணினதையாவது அனுப்பு என்றேன். அனுப்பினாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'ஆசிரியர் பற்றாக்குறை நிலவுவதாகப் பங்கேற்பாளர் கருதுகிறார்' என்று இருந்தது. யார் அந்தப் பங்கேற்பாளர்? என் வாயில் அப்படி ஒரு பேச்சு பிறந்ததே இல்லை. டீச்சரிடம் கொண்டுபோய் இதை நான்தான் சொன்னேன் என்றால், அவரே சிரிப்பார். என்னைக் கெட்டவளாகக் காட்டும் துண்டு மட்டும் என் சொந்தக் குரலில் ஊர் ஊராகப் போகிறது. தராசை முழுசாகக் காட்டினவள், செவுளில் ஒரு துண்டை மட்டும் அறுத்துக் காட்டிவிட்டாள்.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் நிறுத்தாமல் சொன்ன மறுபாதி இது:

"ஆனா டீச்சரைக் குத்தம் சொல்லாதே கண்ணு. ஒரு ரூமுல ரெண்டு கிளாஸு. போர்டுல பாதி இதுக்கு, பாதி அதுக்கு. ஜன்னலைத் தொறந்தா கன்டெய்னரு லாரி சத்தம், மூடினா புள்ளைங்களுக்கு மூச்சு முட்டுது. கத்திக் கத்தி அதுக்குத் தொண்டையே பூடுச்சு. என்கிட்ட வந்து உப்பு கேக்கும், சுடுதண்ணில போட்டு கொப்புளிக்க. எம்பேத்தியை சாயங்காலம் உக்கார வெச்சு எழுத்து காட்டுது, ஒரு பைசா வாங்காம. இன்னொரு டீச்சரு குடுக்கச் சொல்லு. இதையும் எழுதிக்கோ. இதைத்தான் மொதல்ல எழுதணும்."

எழுதிக்கிறேம்மா என்று தலையை ஆட்டினாள். போன் உப்பு டப்பா மேல்தான் இருந்தது. அதில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன்.