ஜெயில் சீன் இல்லாத படம்

சில வருடங்களுக்கு முன்பு மலாக்காவில் ஒரு மண்டபத்தில் அந்தக் காலத்துத் தமிழ் சினிமா டைரக்டர் ஒருவருக்கு நினைவு விழா எடுத்தார்கள். மாலை போட்ட படம், குத்துவிளக்கு, மேடை நிறைய ஆட்கள். கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த பேச்சாளர் ஒருவர் மைக்கை விழுங்கிவிடுகிறவரைப் போலப் பிடித்துக்கொண்டு, "அந்த மேதையின் படங்களில் ஜெயில் சீன் இல்லாத படம் ஒன்று உண்டா?" என்று கேட்டார். மண்டபமே கைதட்டியது. நான் சிரித்துவிட்டேன். நாகரிகமான சிரிப்பு இல்லை, முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. என் மகன் "சும்மா இருங்கம்மா" என்று கையைப் பிடித்து அமுக்கினான்.

உண்டு ஐயா, இரண்டு உண்டு. அந்த மண்டபத்தில் இருந்த எவரும் அவற்றைப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்க்காமலே கைதட்டுவது எங்கள் ஆட்களுக்குக் கைவந்த கலை. நான் பார்த்தேன். அதுவும் சும்மா பார்க்கவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த முதல் இரண்டு மாப்பிள்ளைகளும் அந்த இரண்டு படங்களில் வைத்துத்தான் என்னைப் பார்த்தார்கள்.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்த காலம். எங்கள் வீடு காஜா பேராங்கில், செட்டிகள் குடியிருப்புக்கு அடுத்த சந்தில். அப்பா அரசாங்க ஆபீசில் கிராணி. துரை சொல்லச் சொல்லக் கடிதம் எழுதி, துரை கையெழுத்துப் போட்டதும் மையொற்றும் தாளை வைத்து அமுக்குகிற வேலை. எனக்குப் பத்தொன்பது வயது. நாடு யார் கைக்குப் போகும் என்று ஊர் பேசியது. நான் யார் கைக்குப் போவேன் என்று வீடு பேசியது.

மாப்பிள்ளை வீட்டாரை நேராக வீட்டுக்கு வரவழைக்க அப்பாவுக்குப் பயம். வந்து, கேசரியைத் தின்றுவிட்டு, வேண்டாம் என்று போய்விட்டால் சந்து முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் அந்தக் காலத்தில் டவுனில் சிலர் செய்ததைத்தான் அவரும் செய்தார். பெண்ணைத் தியேட்டரில் வைத்துக் காட்டுவது. பெண் வீட்டார் ஒரு வரிசை, மாப்பிள்ளை வீட்டார் பின்வரிசை. இடைவேளைக்கு விளக்குப் போட்டதும் பெண் எழுந்து வறுத்த கடலை, கச்சாங் பூத்தே, வாங்கப் போவதுபோல் போய்த் திரும்பி வர வேண்டும். பிடித்தால் தரகர் வீட்டுக்கு வருவார். பிடிக்காவிட்டால், யாரோ யாருக்கோ முன்னால் உட்கார்ந்து படம் பார்த்தார்கள், அவ்வளவுதான். மானம் தப்பியது.

இதற்கு ஓடுகிற படம் ஆகாது. கூட்டத்தில் பெண்ணைப் பார்ப்பார்களா, விசிலடிக்கிறவனைப் பார்ப்பார்களா? ஓடாத படம்தான் வேண்டும். ஆனால் ஓடாத படத்துக்குக் கௌரவமான மாப்பிள்ளை எவன் வருவான்? அப்பா தன் கிராணி மூளையை எல்லாம் செலவழித்து ஒரு வழி கண்டுபிடித்தார். அந்தப் பெரிய டைரக்டரின் ஓடாத படம். பேருக்குப் பேரும் ஆயிற்று, தியேட்டரும் காலி.

அவருடைய ஓடிய படங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றிலும் ஒரு ஜெயில் சீன் வரும். மகன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். தாய் வருவாள். அவள் "மகனே" என்பாள். உடனே அவன் அடுக்குமொழியில் ஆரம்பித்தால், காவலன், நீதிபதி, நாடு, விதி எல்லோரையும் ஒரு வாங்கு வாங்கிவிட்டுத்தான் மூச்சு விடுவான். அவன் பேசி முடிப்பதற்குள் தண்டனைக் காலமே முடிந்துவிடும். ஊர் அதைக் கேட்டுவிட்டு வெறிபிடித்து அலைந்தது. எங்கள் தெருமுனை சலூன்காரர் சவரக் கத்தியைப் பிடித்துக்கொண்டு அந்த வசனத்தைப் பேசுவார். முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருக்கிறவர் அசையாமல் கேட்பார். ரசனை என்று சலூன்காரர் நினைத்தார். கழுத்தில் கத்தி இருந்தால் நானும்தான் ரசிப்பேன்.

எங்களோடு எல்லாப் படத்துக்கும் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வருவாள். தலைமுறை தலைமுறையாக மலாய் பேசிப் பழகிய மலாக்காச் செட்டி வீட்டுப் பெண், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். அக்கா என்பதற்கு மலாயில் காக், நான் அவளை அப்படித்தான் கூப்பிடுவேன். பொட்டு வைப்பாள், மாரியம்மனுக்கு விரதம் இருப்பாள், மலாய்க்காரிகளைப் போல கெபாயாச் சட்டை போடுவாள், தமிழ் மட்டும் வராது. அந்த ஜெயில் படங்களைப் பார்த்துவிட்டு அவள் சொன்ன ஒரே விமர்சனம், "பாஞாக் சாக்காப்." ஓயாமல் பேசுகிறார்களாம். அந்த மண்டபத்து மேடையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரைவிடவும் அவளுக்குச் சினிமா தெரியும்.

முதல் படம் ஒரு ரயில்வே கேட்காரனின் மனைவியைப் பற்றியது. அவன் ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கேட்டைத் திறந்து விடுவான். அவளை எங்கே போக வேண்டும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவள் ஒவ்வொரு ரயிலுக்கும் வாசலில் வந்து நிற்பாள். ஒரு நாள் ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டே தண்டவாளத்தின் மறுபக்கம் போய் நின்று, தன் வீட்டையே திரும்பிப் பார்ப்பாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பார்த்தால் காக்கும் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறாள். முன்பெஞ்சில் எவனோ, "யோவ், எப்பய்யா பேசுவீங்க?" என்று கத்தினான். ஊமைப் படம் பார்க்கவா காசு கொடுத்தோம் என்று இன்னொருவன்.

அந்த நேரம் பார்த்து இடைவேளை வந்தது. விளக்கைப் போட்டார்கள். நான் அழுத கண்ணோடு கச்சாங் வாங்கப் போய், அழுத கண்ணோடு திரும்பி வந்தேன். பின்வரிசையில் மலாக்கா டவுன் ஜவுளிக்கடைக்காரரின் மகனும் அவன் அம்மாவும். இரண்டு நாளில் தரகர் மூலமாகத் தாக்கல் வந்தது. "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணுமே நடக்காத படத்துக்கு உட்கார்ந்து அழுவுது. நாளைக்கு நம்ம வீட்ல சும்மாவே அழுவும்" என்று அந்த அம்மாள் சொன்னாளாம். ஒன்றுமே நடக்கவில்லையாம்! ஒரு பெண் சாகிற வரைக்கும் அந்த வீட்டிலேயே நின்றுகொண்டிருக்கப் போகிறாள், அது ஒன்றும் நடக்காததாம். அந்த அம்மாளே ஜெயில் சீனில் தேம்பித் தேம்பி அழுது அடுத்த வரிசையை நனைத்தவள்தான்.

அம்மா என்னைத் திட்டினாள். "படம் பாக்கவா உன்ன கூட்டிட்டுப் போனோம்?" என்றாள். படம் அடுத்த வெள்ளிக்கிழமையைக் காணவில்லை.

மெர்டேக்கா வந்தது. பாடாங் திடலில் கூட்டம், கொடி, பட்டாசு. அப்பாவின் துரை கப்பலேறிப் போனார். அவர் நாற்காலியில் ஒரு புதிய அதிகாரி வந்து உட்கார்ந்தார், வயதில் சின்னவர். அப்பா ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. அதற்குள் என்னைக் கரையேற்றிவிட வேண்டும் என்று அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்று சத்தமாகவே வேண்டிக்கொள்வாள். சாமிக்குக் காது கேட்டதோ இல்லையோ, தரகருக்குக் கேட்டது. செங் பக்கத்து எஸ்டேட்டில் கூலியாட்களை மேய்க்கிற கண்டக்டர் வேலை பார்க்கிற மாப்பிள்ளை, குணமானவர், சொந்த மோட்டார் சைக்கிள். அப்பா பத்திரிகையில் சினிமாப் பக்கத்தைத் தேடினார். நல்ல வேளை, டைரக்டர் இன்னொரு ஓடாத படம் எடுத்து வைத்திருந்தார்.

இந்தப் படம் ஒரு கிராணியைப் பற்றியது. அவருடைய கடைசி வேலை நாள். காலையில் எழுந்து சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போகிறார். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று பகலெல்லாம் காத்திருக்கிறார். மாலை மரியாதை வேண்டாம், ஒரு வார்த்தை. சாயங்காலம் அதிகாரி அவரைக் கூப்பிடுகிறார். இவர் பொத்தானைச் சரிசெய்துகொண்டு உள்ளே போகிறார். "அந்த ஜன்னலைச் சாத்திட்டுப் போங்க" என்கிறார் அதிகாரி. சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து, பூட்ஸைக் கழட்டாமல் கட்டிலில் உட்கார்ந்துகொள்கிறார். விளக்கு வைக்கிற நேரம் ஆகிறது. உட்கார்ந்தே இருக்கிறார். அவ்வளவுதான் படம். வேறு எவனாக இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு சோகப்பாட்டைச் செருகியிருப்பான்.

தியேட்டர் வெறிச்சென்று கிடந்தது. இடைவேளையில் விளக்கைப் போட்டார்கள். நான் கச்சாங் வாங்க எழுந்தேன். காக் என் முழங்கையை இடித்து, பின்வரிசையைக் கண்ணால் காட்டி, "தீடோர்" என்றாள். தூங்குகிறான். மாப்பிள்ளை தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் போனேன், வந்தேன். பக்கத்திலிருந்த அவருடைய அண்ணன் என்னைப் பார்த்தார். அண்ணி என் வளையலைப் பார்த்தாள். கட்டிக்கொள்ளப் போகிறவர் கொட்டாவிகூட விடவில்லை. படம் முடிந்து நம் புது நாட்டுப் பண் போட்டு எல்லோரும் எழுந்து நின்றபோதுதான் அவரும் பதறி எழுந்து விறைப்பாக நின்றார். தேசபக்தர்.

மறுநாளே தாக்கல் வந்தது. மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். எப்போது பார்த்தார், கனவிலா?

"அவரு படம் பூரா தூங்குனாருப்பா" என்றேன்.

"விடியக்காலையில பெரட்டுக்குப் போயி ஆளுங்கள எண்ணுற ஆளு. அசதி இருக்காதா?" என்றார் அப்பா, முகத்தைப் பார்க்காமல்.

"தூங்குற மாப்பிள்ளையா இருந்தா நல்லதுதான். முழிச்சுக்கிட்டு இருந்து உன் வாயை யாரு கேக்குறது?" என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை தரகர் வருவார், அப்பா சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும், தை மாதம் நான் செங் எஸ்டேட்டில் கண்டக்டர் வீட்டு வாசலில் நிற்பேன். அந்தக் கேட்காரன் மனைவியைப் போல, ஆயுசு முழுக்க. எனக்குப் பயமாக இருந்தது. கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். அப்பாவிடம் எடுத்துச் சொல்லவும் வழியில்லை. அவரைப் பொறுத்தவரை படம் என்பது இடைவேளைக்கு முன்னும் பின்னும் ஓடுகிற ஏதோ ஒன்று என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

தரகர் வந்தார். வெற்றிலைத் தட்டு, கோப்பி, பிஸ்கட். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் காக். முகூர்த்த நாள் வரைக்கும் பேச்சு வந்துவிட்டது. அப்பா தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"ஒண்ணு கேட்டா தப்பா நினைக்கக் கூடாது. மாப்பிள்ளை அன்னிக்குக் கொஞ்சம் கண் அசந்துட்டாரோ?"

"யாரு சொன்னா?" தரகர் கோப்பையைக் கீழே வைத்தார். "நல்லாக் கேட்டீங்க போங்க, கிராணி ஐயா! படத்தை அப்படி ரசிச்சிருக்காரு. என்கிட்ட அவரு வாயாலேயே சொன்னாரு. டைரக்டருன்னா அவருதான் டைரக்டரு, அந்த ஜெயில் சீன்ல அம்மா வந்து நிக்கிறப்போ கண்ணு கலங்கிப் போச்சுன்னாரு."

காக் என் தோளைப் பிடித்து, என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று மலாயில் கிசுகிசுத்தாள். நான் அவள் வாயைப் பொத்தினேன்.

"ஜெயில் சீனா?" என்றார் அப்பா.

"ஆமாங்க. கல்லும் கரையுமாமே!"

"அந்தப் படத்துல ஜெயிலே கிடையாதுங்க" என்றார் அப்பா. பிறகு, "ஒரு கிராணிதான் இருந்தாரு" என்றார்.

தரகருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சினிமாதானே, கிராணி ஐயா, ஒண்ணு ரெண்டு மாறிப் போயிருக்கும், அதுக்காக ஒரு நல்ல இடத்தை விடுவாங்களா என்று சிரித்துப் பார்த்தார். அம்மா கதவோரம் வந்து நின்று கண்ணால் கெஞ்சினாள். அப்பா ஆபீசில் பேசுகிற குரலில், இந்த இடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றார். அதற்கு மேல் காரணம் ஒன்றும் சொல்லவில்லை. தரகர் பிஸ்கட்டை மட்டும் முடித்துவிட்டு, இந்தச் சந்துக்கு இனி வருவதில்லை என்கிற முகத்தோடு போனார்.

பிறகு வேறொருவரைத்தான் கட்டிக்கொண்டேன். அவர் சினிமாவே பார்க்காதவர். பார்த்ததாகச் சொன்னதும் இல்லை, அந்த மட்டில் யோக்கியர்.

தரகர் போன அன்றைக்கு அம்மா அடுப்படியில் பாத்திரங்களைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். ஊரில் எவனாவது சினிமாக் கதையைக் கேட்டுக் கல்யாணத்தை நிறுத்துவானா என்று சுவரிடம் கேட்டாள். அப்பா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தார். நான் கோப்பைகளை எடுக்கப் போனேன்.

"அந்தப் படம் இன்னும் ஓடுதாம்மா?" என்று அவரே கேட்டார்.

"தூக்கிட்டாங்கப்பா. பழைய ஜெயில் படத்தையே திரும்பப் போட்டுட்டாங்க."

அப்பா வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மடப் பசங்க" என்றார்.