மலை எங்கே போய்விடும்

பல் செட் செய்யும் கூடத்தில் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். யாரோ ஒருவர் 'பல் அக்கா' என்று தொடங்கி வைத்தது, சொல்லிச் சொல்லிப் பல்லக்காவாகிவிட்டது. "பேருதான் பல்லக்கா. ஏறிப் போறதென்னவோ டவுன் பஸ்" என்று அவள் கணவர் கிண்டல் செய்வார். அந்த பஸ்ஸிலும் அவள் வீட்டு வாசலில் ஏறியவள் இல்லை. இரண்டு நிறுத்தம் நடந்து, டிக்கெட் விலை குறையும் இடத்தில்தான் ஏறுவாள்.

கூடம் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது. பல் மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் மெழுகை இளக்கி, அதில் ஒவ்வொரு பல்லாகப் பதித்து வரிசை கட்டுவது அவள் வேலை. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றபோது கூட்டிப் பெருக்க வந்தவள், பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள்.

படிப்பு நின்றதற்குக் காரணம் அவள் அப்பா. ஹோட்டல் ஒன்றில் டிரம்பெட் வாசித்தார். சம்பளம் வாங்கிய கையோடு டாக்ஸி பிடித்து வீட்டுக்கு வருவார். "எல்லாரும் ஏறுங்க!" என்பார். ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, சினிமா பார்த்து, ஐஸ்கிரீம் ஒழுக ஒழுகத் தின்றுவிட்டு வந்தால் மாதம் பிறந்து ஒரு வாரத்துக்குள் அம்மா கடன் கேட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருப்பாள். அவருக்கு நெஞ்சுவலி வந்த அன்று ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்டார்கள். அம்மா தெரிந்தவர்கள் வீடுகளுக்கெல்லாம் ஓடினாள். நடைபாதை பெஞ்சில் அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பல்லக்கா காத்திருந்தாள். அம்மா பணத்தோடு திரும்பினாள்; அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அப்பாவை அவள் வெறுக்கவில்லை. அவர்போல் வாய்விட்டுச் சிரித்த மனிதரை அவள் அப்புறம் பார்த்ததே இல்லை. ஆனால் அந்த பெஞ்சிலிருந்து எழுந்தபோதே, இனி எவரிடமும் கையேந்தி நிற்பதில்லை என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டாள்.

அவளைக் கல்யாணம் செய்துகொண்டவர் கிரேன் ஓட்டுபவர். கட்டடம் எழும் இடங்களில், ஆகாயத்தில் தொங்குகிற ஒரு சின்னக் கண்ணாடிக் கூண்டுக்குள் நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருப்பார். அதனாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் வாய் ஓயாது. எந்தக் கட்டடத்து கிரேனில் ஏறினாலும் அவர் கண்ணுக்கு மேற்கே நீலமாக ஒரு மலைத்தொடர் தெரிந்துகொண்டே இருந்தது.

"ஒரு தடவை அங்க போயிட்டு வரலாமா? அங்கேருந்து பாத்தா நான் தூக்கி நிறுத்தின கட்டடமெல்லாம் எப்படித் தெரியும்னு பாக்கணும்."

"பாக்கலாம் பாக்கலாம். மலை எங்க ஓடியா போயிடப் போகுது?"

முதலில் வீட்டுக் கடன் அடைய வேண்டியிருந்தது. பிறகு ஒரே மகளின் படிப்பு. பிறகு, ஆத்திர அவசரத்துக்கு என்று வங்கியில் போட்டு வைத்த பணம். அது வளர வளர அதைத் தொடுவது இன்னும் கஷ்டமாயிற்று. அவர் கோபக்காரர் இல்லை. ஒவ்வொரு தடவையும் "சரி, அடுத்த வருஷம்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். அவர் மனசு வாடியது அவளுக்குத் தெரியாமலும் இல்லை. வாடினால் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

மகள் தாத்தாவை உரித்து வைத்திருந்தாள். முடி திருத்தும் நிலையம் ஒன்றில் வேலை. சம்பளம் வந்தால் சிறகு முளைத்துவிடும். தோழிகளோடு கடற்கரை ஊர்களுக்குப் போவாள், தவணையில் ஸ்கூட்டர் வாங்குவாள், தலைமுடிக்கு மாதம் ஒரு நிறம் ஏற்றுவாள். தாயும் மகளும் ஒரே வீட்டில் பூனையும் எலியுமாக இருந்தார்கள்.

"நாளைக்கு ஒண்ணுன்னா யார்கிட்டடி போய் நிப்ப?"

"நாளைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு! இன்னைக்குன்னு ஒண்ணு இருக்கேம்மா, அது உன் கண்ணுக்குப் படவே படாதா?"

கடைசியில் மகள், வேலைக்குப் பக்கம் என்று சாக்குச் சொல்லி, தோழி ஒருத்தியோடு அறை எடுத்துத் தங்கப் போய்விட்டாள்.

ஓய்வுபெற இன்னும் ஒரு வருஷம்கூட இல்லாத நிலையில், ஒரு காலை சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது கிரேன்காரரின் வலது கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. என்னமோ சொல்ல வந்தவர் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. பல்லக்கா அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு பறந்தாள். ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்டார்கள். கேட்ட வாய் மூடுவதற்குள் கட்டினாள். டாக்டர்கள் அவரை உடனே உள்ளே கொண்டுபோனார்கள். இன்னும் தாமதமாகியிருந்தால் கஷ்டம் என்று பிறகு சொன்னார்கள். அவள் ஒரு சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்ந்தது வீண் போகவில்லை. நெஞ்சு நிறைய ஏதோ ஒன்று எழும்பியது. அதைப் பெருமை என்று சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அவர் பிழைத்தார். பேச்சு கொஞ்சம் குழறலோடு திரும்பியது. வலது கால் இழுத்துக்கொண்டது. நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. ஆகாயத்தில் ஏணி ஏறி இறங்கிய மனிதர், முதல் மாடி வீட்டு பால்கனி நாற்காலியே கதி என்று ஆனார். எதிரே பார்க்க இருந்ததெல்லாம் அடுத்த கட்டடத்தின் பின்சுவரும் தண்ணீர்க் குழாய்களும்தான்.

ஒரு சாயங்காலம் அவருக்குக் காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ சேத்து வைக்கலைன்னா நான் அன்னைக்கே போய்ச் சேந்திருப்பேன்" என்றார், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் பிடித்து. "இல்லைன்னு சொல்லல."

"இப்ப எதுக்குங்க அந்தப் பேச்சு?"

"பொழைக்க வச்சுட்டே. சரி. பொழைச்சு என்ன பண்ணணும்னுதான் தெரியல."

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. மழை வரும்போலிருக்கிறது என்பதைப் போலத்தான் சொன்னார். அதுதான் அவளைச் சுட்டது. தைலக் கையோடு உள்ளே போனவள், வெகுநேரம் அடுப்பங்கரையில் எதை எடுக்க வந்தோம் என்று தெரியாமல் நின்றாள்.

மறுநாளே முதலாளியிடம் விடுப்பு கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் சும்மா விடுப்பு கேட்டதில்லை என்பதால் அவர் பதறி, "யாருக்கு என்னாச்சு?" என்றார். "யாருக்கும் ஒண்ணும் ஆகல சார். ஆகறதுக்குள்ள அவரை ஒரு தடவை மலைக்குக் கூட்டிட்டுப் போகத்தான் கேக்கறேன்" என்றாள்.

ஒரு காரை வாடகைக்கு எடுத்தாள். பேரம் பேச வாயெடுத்து, பேசாமல் விட்டாள். மகளும் கூட வந்தாள். மலைப்பாதையில் அவர் சின்னப் பிள்ளை மாதிரி கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு வந்தார். ஆனால் மேலே போய்ச் சேர்ந்தபோது ஒரே மூட்டம். கம்பி வேலி போட்ட முனையில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தார்கள். கீழே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை.

"ஊர் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

டிரைவர் கையை நீட்டிக் காட்டினார். அவர் அந்தத் திக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். குளிர் தாங்கவில்லை, விடுதி அறைக்குக் கூட்டி வந்ததும் பயண அலுப்பில் தூங்கிப்போனார். அடுத்த நாள் மூட்டம் கொஞ்சம் விலகி, தூரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. அதில் கட்டடம் எது, புகை எது என்று பிரித்துச் சொல்ல ஆளில்லை.

"போதும்" என்றார். "பாத்தாச்சு."

பல்லக்கா குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கால் திடமாக இருந்த காலத்தில் வந்திருந்தால் இந்த மனிதர் ஒரு பாறை விடாமல் ஏறியிருப்பார். வழியில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திவைத்துப் பேசியிருப்பார். மலை ஓடிப் போகவில்லைதான். இருந்த இடத்திலேயே இருந்தது. அவர்தான் போய்க்கொண்டிருந்தார், அதை அவள் கவனிக்கவில்லை.

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்க, மகள் மாறிப்போயிருந்தாள். ஆஸ்பத்திரியில் கட்டிய தொகைகளைக் கண்ணால் பார்த்தவள் அவள். அந்த பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. ஸ்கூட்டரை விற்றாள், அறையைக் காலி செய்து பெற்றோரோடு வந்துவிட்டாள், ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனாள். மாதம் பிறந்தால் அம்மா கையில் ஒரு கவரைத் திணித்து, "எனக்குன்னு போட்டு வை" என்பாள். பல்லக்கா முதலில் உச்சி குளிர்ந்துபோனாள். பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று கூடத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள். தோழிகள் வாசலில் வந்து கூப்பிட்டும் மகள் தலைவலி என்று படுத்துக்கொண்டபோது மட்டும் மனசில் லேசாக ஒரு முள் தைத்தது.

ஒரு காலைச் சாப்பாட்டின்போது அவள் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொட்டியை இடது பக்கமாகவே மென்று கொண்டிருந்தாள் மகள். தண்ணீர் குடிக்கும்போது கண்ணைச் சுருக்கினாள்.

"வலது பக்கம் என்ன?"

"ஒண்ணுமில்லையே."

"யார்கிட்ட சொல்ற? வாயைத் திற."

கடைவாய்ப் பல் கறுத்துப் பாதி உதிர்ந்திருந்தது. "எத்தனை நாளாடி இப்படி?"

"கொஞ்ச நாளாத்தான். டாக்டர்கிட்ட போனா ஏகப்பட்டது ஆகும்மா. கிராம்புத் தைலம் வச்சா அடங்கிடுது. தாங்கிக்கிட்டா போச்சு."

"தாங்கிக்கிட்டா போச்சா? பல்லுதான்டி போகும்! யாரு உனக்கு இப்படியெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

மகள் அம்மாவின் வாயையே பார்த்தாள். பல்லக்காவின் கீழ்வரிசையில் இடப்பக்கம் இரண்டு பல் இல்லை. ஊருக்கெல்லாம் பல் கட்டிக் கொடுக்கிறவள், தனக்கு என்று வந்தபோது மருத்துவர் கட்டணத்தை நினைத்துத் தள்ளிப்போட்டு, ஒரு பக்கமாகவே மென்று பழகிவிட்டாள். நாற்காலியில் இருந்த கிரேன்காரர் குலுங்க ஆரம்பித்தார். என்னமோ ஏதோ என்று இரண்டு பேரும் பதறித் திரும்பினார்கள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நல்ல குடும்பம்டா சாமி" என்றார். "ரெண்டு பேருமாச் சேந்து ஒரு ரொட்டியை முழுசா மென்னுடலாம்."

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்தபிறகு மகள் மட்டும் அழுதாள். "எனக்கு பயமா இருக்கும்மா. கையில இல்லாத நேரத்துல அப்பாவுக்கு மறுபடி ஏதாவது ஆயிட்டா?"

அந்த பயத்தின் வயசு பல்லக்காவுக்குத் தெரியும்.

"ஆகும்" என்றாள். "இல்லைன்னு நான் எப்படிச் சொல்ல? அதுக்குத்தான் கொஞ்சம் வச்சிருக்கோம். அதுக்காக மத்தது எல்லாத்தையும் அதுக்கே படைச்சுட்டு உக்காந்திருக்க முடியாதுடி. நான் உக்காந்தேன். உங்கப்பா மலைக்குப் போன அழகை நீயும்தானே பாத்தே?"

அன்று தாயும் மகளும் ஒன்றாகவே மருத்துவரிடம் போனார்கள். அடுத்த வாரம் தோழிகள் கடலுக்குக் கிளம்பியபோது மகளின் துணிப்பையைப் பல்லக்காவே எடுத்துக் கட்டி வைத்தாள். கட்டும்போது, "அங்க வெளியில தண்ணி வாங்காத, கொள்ளை விலை சொல்வான்" என்று ஒரு பாட்டிலையும் உள்ளே திணித்தாள். ஒரேயடியாக மாறிவிட அவளால் முடியவில்லை.

கிரேன்காரர் அதன்பின் இரண்டு வருஷம் இருந்தார். மாதம் ஒருமுறை அவரை எங்காவது அழைத்துப் போனாள். ஏரிக்கரைக்கு, ரயில் நிலையத்து பெஞ்சுக்கு, எங்கேயாவது கட்டடம் எழுகிறது என்றால் எதிர்ப்பக்கத்து டீக்கடைக்கு. அங்கே உட்கார்ந்து, மேலே சுழலும் கிரேனைப் பார்த்து, "இவன் ரொம்ப அவசரப்படறான்" என்று குறை சொல்வதில் அவருக்கு ஒரு மணி நேரம் போவது தெரியாது. இரண்டாவது முறை அவர் விழுந்தபோது ஆஸ்பத்திரியில் பணத்துக்குக் குறைவிருக்கவில்லை; ஆனால் பணம் செய்யக்கூடியது ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

பல்லக்கா இப்போதும் வேலைக்குப் போகிறாள். சேர்க்கவும் செய்கிறாள். சேர்த்ததற்காக அவள் வருந்தவில்லை. அந்தப் பணம்தான் அவரை இரண்டு வருஷத்துக்கு மேல் அவளுக்குத் திருப்பித் தந்தது. மலையை நினைத்தால் மட்டும் இன்றும் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுகிறாள். ஒன்றைக் காட்டி இன்னொன்றுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ள அவளுக்குத் தெரியவில்லை. போன மாதம் மகள் ஒரு தையல் மெஷினுக்காகப் பணம் சேர்ப்பதா, தோழிகளோடு படகில் போவதா என்று அவளிடம் யோசனை கேட்டாள்.

"படகுல இன்னொரு ஆளுக்கு இடம் இருக்குமான்னு கேட்டுச் சொல்லு" என்றாள் பல்லக்கா.